கண்ணுக்கும் ஒரு தணிக்கை வேண்டும்

(கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றின் வருஷாந்தரப் பொதுக்கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



இச்சபையில் நான் எழுந்து நின்றால் தவணை தவறிய பாக்கிகளைப் பற்றியே பேசுவேன் என்பது உங்களுக்குப் பழகிப்போன விஷயம். இன்றும் தவணை தவறிய பாக்கி ஒன்றைப் பற்றியே பேசப் போகிறேன். ஆனால் அது சங்கத்துக்குச் சேர வேண்டிய பாக்கி அன்று. நம் கண்களுக்கு நாமே செலுத்த வேண்டிய பாக்கி.

நான் வைத்தியன் அல்லேன். மெட்ரிகுலேஷன் தேறி, கணக்குப் பார்க்கும் உத்தியோகத்தில் அமர்ந்தவன். இங்கே சொல்லப்போவதைக் கண் வைத்தியர் ஒருவரிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொண்டு வந்திருக்கிறேன். நான் இதைப் பேசத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் என் பிழையும் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்னர் நான் வேறொரு சரகத்தில் வேலை பார்த்து வந்தேன். அங்கே ஒரு சங்கத்தின் காரியதரிசி ஐம்பது வயதைக் கடந்தவர். இருபது வருஷத்துக்கு மேலாக அப்பொறுப்பை வகித்தவர். அவர் கையெழுத்து முத்துப் போன்றது என்று ஊரார் சொல்லுவார்கள். ஒரு வருஷம் நான் கணக்குகளைப் பரிசோதித்தபோது, பேரேட்டில் பல இடங்களில் தவறு கண்டேன். ரசீதில் 3,600 என்றிருந்த தொகை பேரேட்டில் 8,600 என்று ஏறியிருந்தது. 1,500 என்பது 7,500 ஆகியிருந்தது. ஓர் அங்கத்தினர் செலுத்திய தவணை அடுத்த வரியிலுள்ளவர் பேரில் வரவாகியிருந்தது. ரொக்கத்தை எண்ணினேன், ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆயினும், "கணக்குகள் மிக அஜாக்கிரதையாக எழுதப்பட்டிருக்கின்றன, விஷயம் சந்தேகத்துக்கு இடமாயிருக்கிறது" என்று பரிசோதனைக் குறிப்பில் எழுதினேன். கமிட்டியார் முன்னிலையில் அதைப் படிக்கவும் செய்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் கையெழுத்திட்டார். அக்கையெழுத்தும் கோட்டின்மேல் நிற்கவில்லை. அதையும் நான் பார்த்தேன்; ஆனால் யோசிக்கவில்லை.

இரண்டு மாதம் சென்றபின் அவருடைய மகள் அவரைக் கைப்பிடித்து என் காரியாலயத்துக்கு அழைத்து வந்தாள். ஒருநாள் காலையில் எழுந்தபோது வலது கண்ணுக்குள் மசியைக் கொட்டியதுபோல் இருந்ததாம். கண் வைத்தியசாலைக்குப் போனபோது, சர்க்கரை வியாதியினால் கண்ணின் உட்புறத்தில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று சொன்னார்களாம். பதினொரு வருஷமாக அவருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை சாப்பிட்டு வந்தார். கண்ணை மாத்திரம் ஒரு தடவையும் காட்டியதில்லை. "எழுத்துகள் கலைந்து தெரிகின்றன என்று ஒரு வருஷமாகவே எனக்குத் தெரியும், ஐயா. வெளியே சொன்னால் வேலை போய்விடுமே என்று பயந்தேன். நீங்கள் எழுதிய குறிப்பில் பொய் ஒன்றும் இல்லை" என்று அவர் சொன்னார். அவ்வார்த்தை இன்றைக்கும் என் மனத்தைச் சுடுகிறது.

வலது கண்ணின் பார்வை பெரும்பாலும் திரும்பவில்லை. இடது கண்ணை வைத்தியர்கள் காப்பாற்றிவிட்டார்கள். "எப்பொழுது வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம்?" என்று நான் வைத்தியரைக் கேட்டேன். "ஒரு வருஷத்துக்கு முன்" என்றார். ஒரு வருஷத்துக்கு முன் நான் அச்சங்கத்துக்குப் போயிருந்தேன். அவர் புஸ்தகத்தை ஜன்னலண்டை கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் படித்ததைக் கண்டும் இருந்தேன். அந்த ஒரு வருஷத்தைப் பற்றியே இன்று உங்களிடம் பேசுகிறேன்.

கண்ணின் அமைப்பு

கண் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. அதன் முன்பாகத்தில் கடிகாரக் கண்ணாடி போன்ற தெளிந்த படலம் ஒன்று உண்டு. அதன் பின்னே நாம் பாப்பா என்று சொல்லும் துவாரம். துவாரத்தின் பின்னே ஒளியை ஒருமுகப்படுத்தும் வில்லை. உருண்டையின் பின்சுவரில் காகிதம் ஒட்டினாற்போல் விழித்திரை பரவியிருக்கிறது. உருவம் விழுவது அத்திரையில். அங்கிருந்து நரம்பு ஒன்று செய்தியை மூளைக்குக் கொண்டு போகிறது. முன்படலம், வில்லை, விழித்திரை, நரம்பு ஆகிய இந்நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால், மேலே நான் சொல்லுவன எல்லாம் எளிதில் விளங்கும்.

ஒரு முக்கியமான விஷயம். முன்படலத்தில் ஒரு தூசி பட்டாலும் நாம் துடித்துப் போகிறோம். ஆனால் விழித்திரைக்கு வலி தெரியாது. அது கிழிந்தாலும், அதில் ரத்தம் கசிந்தாலும் வலிப்பதில்லை. ஆதலின் வலிக்கும் கண்ணை வைத்தியரிடம் கொண்டு போகிறோம். வலியில்லாமல் கெடும் கண்ணை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

வெள்ளெழுத்தும் கண்புரையும்

முதலில், பயப்பட வேண்டாத இரண்டைச் சொல்லுகிறேன். நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்து எழுத்து மங்குவது வெள்ளெழுத்து. இது வியாதி அன்று. வில்லை வயதினால் இறுகுவதன் பயன். கண்ணாடி அணிந்தால் போதும். கண்ணாடி அணிந்தால் கண் இன்னும் கெடும் என்பது தவறான எண்ணம். ஆனால் சந்தையில் விற்கும் கண்ணாடியை மாட்டிப் பார்த்து வாங்குவதோடு நின்றுவிடாமல், ஒரு தடவையாவது கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு வாங்குவது நலம். அப்போதுதான் உள்ளே மறைந்துள்ள வேறு குறைகள் வெளிப்படும்.

அவ்வில்லையே வெளுத்து ஒளியை மறைத்தால் அது கண்புரை. உலகத்தில் குருட்டுத்தன்மைக்கு முதற் காரணம் இதுவே. இதற்குச் சொட்டு மருந்து கிடையாது. ரண சிகிச்சை ஒன்றே வழி. முற்காலத்தில் நாட்டு வைத்தியர்கள் ஊசியினால் குத்திப் புரையைக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடும் வழக்கம் இருந்தது. சென்னையில் 1819-ஆம் வருஷத்தில் தொடங்கப்பெற்று இன்று எழும்பூரில் உள்ள அரசாங்கக் கண் வைத்தியசாலைக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எலியட் என்னும் வைத்தியர் தலைமை வகித்தார். இவ்வாறு குத்தப்பட்டுக் கெட்டுப்போன கண்கள் அநேகம் அவரிடம் வந்தன. அவற்றைப் பற்றி அவர் ஒரு தனி நூலே எழுதினார். 1949-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் லண்டன் நகரில் ஹெரால்டு ரிட்லி என்னும் வைத்தியர், புரையை எடுத்த கண்ணில் செயற்கை வில்லையை முதன்முதலாகப் பொருத்தினார். போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த விமானக் கண்ணாடித் துண்டுகள் உள்ளே தீங்கு செய்யாமல் தங்கியிருந்ததைக் கண்டே அவருக்கு இவ்யோசனை தோன்றியது. பின்னர், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். 1992-ல் தொடங்கிய அதன் தொழிற்சாலை அவ்வில்லைகளைக் குறைந்த செலவில் செய்யத் தொடங்கிற்று. அதனால் ஏழை விவசாயிக்கும் அச்சிகிச்சை எட்டிற்று. அரசாங்க வைத்தியசாலைகளிலும் முகாம்களிலும் இச்சிகிச்சை இலவசமாகவே நடைபெறுகிறது.

"புரை முற்றட்டும், பிறகு பார்க்கலாம்" என்று காத்திருத்தல் பழங்காலத்து யோசனை. இப்பொழுது அது அவசியம் இல்லை. மிகவும் முற்றவிட்டால் கண்ணில் அழுத்தம் ஏறி வேறு கேடும் விளையலாம். ஆயினும் புரையினால் போன பார்வை பெரும்பாலும் திரும்பி வரும். இனிச் சொல்லப்போகிறவை அத்தகையன அல்ல.

சர்க்கரை வியாதியும் கண்ணும்

சர்க்கரை வியாதி பட்டணத்துப் பணக்காரருடைய வியாதி என்று நம் பாட்டன்மார் நினைத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2023-ல் வெளிவந்தது. அதன்படி நம் தேசத்தில் இவ்வியாதியுள்ளோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். இந்தச் சபையிலும் அவர்கள் பலர் இருப்பார்கள். தங்களுக்கு இருப்பதை அறியாதவர்களும் இருப்பார்கள். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், மறுபடியும் பரிசோதித்து வியாதியை உறுதி செய்கிறார்கள்.

இவ்வியாதி கண்ணைக் கெடுப்பது எவ்வாறு என்று கேளுங்கள். விழித்திரையில் மயிரிழையினும் மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. நம் வயலில் ஓடும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் சர்க்கரை மிகுந்து வருஷக்கணக்கில் ஓடினால் அவ்வாய்க்கால்களின் கரை வலுவிழக்கிறது. சில இடங்களில் கரை புடைத்து நீரும் கொழுப்பும் கசிகின்றன. சில இடங்களில் வாய்க்கால் அடைபட்டுப்போகிறது. கசிவு விழித்திரையின் நடுவிடத்தில் தேங்கினால் அவ்விடம் வீங்குகிறது. எழுத்தைப் படிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் அந்த நடுவிடத்தால்தான். நம் காரியதரிசிக்கு 3 என்பது 8 ஆகத் தோன்றியது இதனால்தான். வாய்க்கால் அடைபட்ட பகுதியோ, ரத்தம் இல்லாமல் தவித்துப் புதிய குழாய்களை முளைப்பிக்கிறது. அவை மிகவும் பலமற்றவை. ஒரு நாள் ஒன்று உடையும். கண்ணுக்குள் ரத்தம் பரவும். அவருக்கு மசி கொட்டியதுபோல் தோன்றியது அதுவே. அதன்பின் அவ்விடத்தில் தழும்பு உண்டாகி, அது விழித்திரையைப் பிடித்திழுத்துச் சுவரினின்றும் பெயர்த்துவிடுவதும் உண்டு.

கசிவு தொடங்கிப் பலகாலம் வரையில் பார்வை நன்றாகவே இருக்கும் என்பதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வலி இராது, சிவப்பு இராது, நீர் வடியாது. தவணை தவறிய கடன் பேரேட்டில் வட்டியோடு வளர்வதுபோல் அது உள்ளே வளர்கிறது. கடன்காரன் வீட்டு வாசலில் ஜப்தி நோட்டீசு ஒட்டும்போதுதான் அவன் விழித்துக்கொள்ளுகிறான். பேரேட்டைப் புரட்டிப் பார்த்தவனுக்கோ முன்பே தெரியும். கண்ணின் பேரேட்டைப் புரட்டுவது எப்படி? சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரியச் செய்து, கருவியால் உள்ளே பார்ப்பார்கள். அல்லது விழித்திரையைப் படம் பிடிப்பார்கள். அன்றைக்குச் சில மணி நேரம் கண் கூசும். தாமே வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பாமல் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். இதைத் தவிர இதில் சிரமம் ஒன்றும் இல்லை.

நடு வயதில் வரும் சர்க்கரை வியாதி, அது கண்டுபிடிக்கப்படுவதற்குச் சில வருஷங்கள் முன்னதாகவே உடலில் தொடங்கியிருக்கக்கூடும். ஆகையால் வியாதி தெரிந்த அன்றே கண்ணையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். பின்னர் வருஷத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். கோளாறு தொடங்கியிருந்தால் வைத்தியர் சொல்லும் இடைவெளியில் பார்க்க வேண்டும். சர்க்கரை வியாதியுள்ள பெண்கள் கருவுற்றால் ஆரம்ப மாதங்களிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். அக்காலத்தில் கோளாறு விரைந்து வளரும்.

காலத்தில் கண்டால் சிகிச்சை உண்டா என்றால், நிச்சயமாக உண்டு. ஒளிக்கதிரை விழித்திரையில் செலுத்திக் கசிவை அடைத்தலும், பலமற்ற குழாய்களை வாடச் செய்தலும் ஒரு முறை. அமெரிக்காவில் நடந்த பெரியதோர் ஆராய்ச்சி, கடுமையான பார்வை இழப்பை இச்சிகிச்சை பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 1976-ல் காட்டிற்று. இப்பொழுது வீக்கத்தை வற்றச் செய்யும் ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன. கண்ணில் ஊசியா என்று அஞ்ச வேண்டாம். மரத்துப்போகும் மருந்து விட்ட பின்னரே போடுவார்கள். ஒன்றை மாத்திரம் மறவாதீர்கள். இச்சிகிச்சைகள் பெரும்பாலும் இருக்கும் பார்வையைக் காப்பாற்றுவன. போனதை எல்லாம் திருப்பித் தருவன அல்ல. முதலைக் காப்பாற்றும் வழியே அன்றி, தொலைந்த முதலை மீட்கும் வழி அன்று.

சிகிச்சையினும் மேலானது காவல். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20 வருஷம் நடந்து 1998-ல் முடிவு வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் அடக்கி வைத்தவர்களுக்குக் கண் கெடுதல் குறைந்தது என்று தெளிவாகக் காட்டிற்று. இங்கே ஒரு வழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். வைத்தியசாலைக்குப் போவதற்கு முன் இரண்டு நாள் மாத்திரம் பத்தியம் இருந்து, சர்க்கரை குறைவாக இருக்கிறது என்று மகிழ்வோர் பலர். பரிசோதனைக்கு இன்ஸ்பெக்டர் வரும் நாளில் கைமாற்று வாங்கி ரொக்கத்தைச் சரிக்கட்டும் காரியதரிசிக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு, அதற்கு 'எச்.பி.ஏ.1.சி.' என்று பெயர். இரண்டு நாள் பத்தியத்தால் அதை ஏமாற்ற முடியாது. பெரும்பாலோருக்கு அது 7 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பர். வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப உங்களுக்கு எது தகும் என்பதை வைத்தியர் சொல்லுவார்.

மற்றொரு விஷயம். சர்க்கரை ஏறி இறங்கும் காலத்தில் வில்லையும் வீங்கிச் சுருங்குவதால் பார்வை சில நாள் மங்கும், சில நாள் தெளியும். அச்சமயத்தில் கண்ணாடிக்கு அளவெடுத்தால் பணம் வீண். சர்க்கரை நிலைப்பட்ட பின்னரே கண்ணாடி செய்துகொள்ளுங்கள்.

கண்ணின் அழுத்தம்

வலியின்றிப் பார்வையைத் திருடும் வியாதி இன்னும் ஒன்று உண்டு. கண்ணுக்குள் நீர் ஊறுவதும் வடிவதும் ஒழுங்காக நடக்க வேண்டும். வடிகால் அடைபட்டால் உள்ளழுத்தம் ஏறி நரம்பை நசுக்குகிறது. இதைக் கிளாக்கோமா என்பர். இது வயலின் வரப்போரத்தை ஆண்டுதோறும் ஒரு சாணாக அபகரிக்கும் அண்டை நிலத்தானைப் போன்றது. ஓரத்துப் பார்வையை முதலில் கவர்ந்து, நடுப்பார்வையைக் கடைசியில் பிடிக்கிறது. போன பார்வை திரும்பாது. எஞ்சியதைச் சொட்டு மருந்தாலும் சிகிச்சையாலும் காக்கலாம். தாய் தந்தையருக்கோ உடன்பிறந்தாருக்கோ இது இருந்தால் உங்களுக்கும் வரக்கூடும். நாற்பது வயதுக்கு மேல் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அழுத்தம் திடீரென்று ஏறுவதும் உண்டு. கண் சிவந்து கடுமையாக வலிக்கும். தலைவலியும் வாந்தியும் வரும். விளக்கைச் சுற்றி வட்டங்கள் தெரியும். அதைப் பித்தத் தலைவலி என்று எண்ணி வீட்டில் படுத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கண் வறட்சி

இனி, உயிரை வாங்குவதுபோல் தொல்லை தந்தும், பெரும்பாலும் பார்வையைக் கெடுக்காத ஒன்றைச் சொல்லுகிறேன். கண்ணில் மணல் விழுந்தாற்போல் அறுக்கிறது, எரிகிறது, மாலையில் அதிகமாகிறது என்று பலர் சொல்லக் கேட்கிறேன். இது கண் வறட்சி. கண்ணீர் என்பது வெறும் தண்ணீர் அன்று. கண்ணோடு ஒட்டும் வழவழப்பு, அதன்மேல் நீர், அந்நீர் ஆவியாகாமல் காக்கும் எண்ணெய்ப் பசை ஆகிய மூன்றும் சேர்ந்தது. எண்ணெய் இமையோரத்துச் சுரப்பிகளிலிருந்து வருகிறது. இம்மூன்றில் எது குறைந்தாலும் கண் வறளும். வறண்ட கண்ணிலிருந்து சில வேளைகளில் நீர் தாரையாக வடிவதும் உண்டு. எரிச்சலைத் தணிக்கக் கண் தானே விடும் நீர் அது. 'நீர் வடிகிற கண்ணில் வறட்சி ஏது' என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

முதுமை, பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் வரும் மாறுதல், அடுப்புப் புகை, போர் அடிக்கும் களத்துத் தூசி, வெயில், காற்று, சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள் ஆகியவை இதற்குக் காரணங்கள். இக்காலத்துக்கு உரிய காரணம் ஒன்று, கைப்பேசியும் கணிப்பொறியும். சாதாரணமாக நாம் நிமிஷத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது வெகுவாகக் குறைகிறது. சர்க்கரை வியாதியும் ஒரு காரணம். அது முன்படலத்து நரம்பை மழுங்கச் செய்வதால் கண்ணீர் குறைகிறது. குறைந்தது தெரிவதும் இல்லை. அத்தகைய கண்ணில் சிறு கீறலும் எளிதில் ஆறாது.

இதற்குப் பெரும்பாலும் எளிய பரிகாரம் போதும். 20 நிமிஷத்துக்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளை 20 விநாடி பாருங்கள், நன்றாக இமையுங்கள். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பொறுக்கும் சூட்டில் மூடிய இமைமேல் ஐந்து நிமிஷம் ஒற்றுங்கள். மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் படாதபடி படுங்கள். வைத்தியர் யோசனைப்படி செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை உபயோகியுங்கள். வாயும் சேர்ந்து வறண்டால், அல்லது மூட்டுகளும் வலித்தால், அதை வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

குழந்தைகளுக்குக் கண் வறண்டு, அந்தியில் தடவி நடந்தால் அது வேறு. அது மாலைக்கண், 'ஏ' வைட்டமின் குறைவால் வருவது, கண்ணையே அழிக்கவல்லது. அக்குழந்தையை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போக வேண்டும். ஒன்பது மாதம் முதல் ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வைட்டமின் திரவத்தைத் தவறவிடாதீர்கள். முருங்கைக் கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை, பால் ஆகியவற்றைக் குழந்தைக்குக் கொடுங்கள்.

அறுவடைக் காலத்து அபாயம்

விவசாயிகளாகிய உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. நெல்லின் சுணையோ, கரும்புத் தோகையோ, கதிரின் முனையோ கண்ணில் பட்டுக் கீறினால், அதன் வழியே காளான் போன்ற நுண்கிருமி புகுந்து முன்படலத்தில் புண்ணாகும். ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். தாய்ப்பால் விடுதல், இலைச்சாறு பிழிதல், நாக்கினால் தூசி எடுத்தல் ஆகியவற்றை அறவே விட்டுவிடுங்கள். சுத்தமான தண்ணீரால் கழுவி, கசக்காமல், அன்றே வைத்தியரிடம் போங்கள். கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் ஸ்டிராய்டு என்னும் சரக்கு சேர்ந்தவை உண்டு. சிவப்பை அவை உடனே அடக்கும். புண்ணையோ உள்ளே பெருக்கும். நெடுநாள் விட்டால் கண் அழுத்தமும் புரையும் உண்டாகும். அண்டை வீட்டார் மருந்தை வாங்கி விடுவதும் இத்தகைய அபாயமே.

சங்கம் செய்யத்தக்கவை

சகோதரர்களே! சங்கத்துக்கு வருஷந்தோறும் தணிக்கை உண்டு. ஏதேனும் திருட்டு நடந்ததனால் தணிக்கை வருகிறதா? இல்லை. நடக்காதிருக்கும்பொருட்டே வருகிறது. அதே நியாயத்தைக் கண்ணுக்கும் செலுத்தும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். இக்கூட்டம் ஆலோசிக்கும்பொருட்டு நான்கு யோசனைகளைக் கூறுகிறேன்.

1. வருஷத்துக்கு ஒரு முறை, அறுவடை முடிந்த ஓய்வுக் காலத்தில், மாவட்டத் தலைமை வைத்தியசாலைக்கோ தர்ம வைத்தியசாலைக்கோ எழுதிச் சங்கக் கட்டிடத்தில் கண் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தலாம். புரை பார்ப்பதோடு நில்லாமல் விழித்திரையையும் பார்க்கும்படி முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2. சர்க்கரை வியாதியுள்ள அங்கத்தினர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயரை ஒரு குறிப்பேட்டில் பதிந்து, கண் பார்த்த தேதியையும் எழுதி வரலாம். கடன் தவணைக்கு நினைவூட்டு அனுப்பும் சங்கம், கண்ணுக்கும் ஒரு நினைவூட்டு அனுப்பினால் என்ன? பெயர் கொடுத்தவரை எவரும் இழிவாகப் பேசலாகாது.

3. பட்டணத்துக்குப் போய்வரும் செலவுக்குக்கூட வழியில்லாத அங்கத்தினருக்கு, சட்டமும் உபவிதிகளும் இடங்கொடுக்கும் அளவில், பொது நன்மை நிதியிலிருந்து உதவலாம்.

4. 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின்படி வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அவ்வூழியர்களுக்குக் கதவைத் திறவுங்கள்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. மாதத்துக்கு ஒருநாள், சுவரிலுள்ள நாட்காட்டியை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றொரு கண்ணால் பாருங்கள். பின் மாற்றிப் பாருங்கள். ஒரு கண் கெட்டால் மற்றது அதன் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. கோடுகள் வளைந்து தெரிந்தாலும், கரும்புள்ளிகள் திடீரென்று மிகுதியாக மிதந்தாலும், மின்னல் தெறித்தாலும், திரை தொங்கினாற்போல் ஒரு பக்கம் மறைந்தாலும் மறுநாள் வரையில் காத்திராதீர்கள். ஆனால் இச்சோதனை வைத்தியர் பரிசோதனைக்கு ஈடாகாது. விழித்திரையின் ஆரம்பக் கோளாறு இதில் அகப்படாது.

முடிவாக, அந்தக் காரியதரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. நான் எழுதிய குறிப்பை அழிக்க விதி இடந்தரவில்லை. ஆகையால் அதன் கீழே, மேற்படி தவறுகள் கண் நோயால் நேர்ந்தவை என்றும், ரொக்கத்தில் குறைவு ஒன்றும் இல்லை என்றும் மற்றொரு குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டேன். கமிட்டியார் அவரை விலக்கவில்லை. கணக்கு எழுத ஓர் இளைஞனை உதவிக்கு அமர்த்தி, வசூல் பொறுப்பை அவரிடமே வைத்தார்கள். எஞ்சிய ஒரு கண்ணோடு அவர் இன்னும் சில வருஷம் உழைத்தார். அன்று முதல் எந்தச் சங்கத்துக்குப் போனாலும், புஸ்தகத்தைத் திறக்குமுன் எழுதினவரைப் பார்த்து, "கண்ணைக் காட்டினீர்களா?" என்று கேட்பதை வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். அதே கேள்வியை இன்று உங்கள் ஒவ்வொருவரையும் கேட்கிறேன். அடுத்த வருஷம் இதே நாளில் திரும்பவும் வருவேன், திரும்பவும் கேட்பேன்.